முதல் படியில் கால் வை!

எத்தனை மாதமாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறாய்?

உன்னைத்தான் கேட்கிறேன். எத்தனை மாதம்?

வாசலில் பிக்கப் டிரக் நிற்கிறது. அதன் மேல் ஒரு கூடாரம் ஏற்ற வேண்டும். ஆள் அரவம் இல்லாத மலைச்சரிவில் வண்டியை நிறுத்த வேண்டும். ஏணியில் ஏறிப் படுக்க வேண்டும். இதுதானே உன் ஆசை?

ஆசை பிறந்து ஒரு கோடை கழிந்தது. அடுத்த கோடையும் கழியப் போகிறது.

நீயோ இன்னும் கூடாரப் பிராண்டுகளை, தூலியா, ஐகேம்பரா என்று அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறாய்! ரூஃப்நெஸ்ட்டா, ஏஆர்பியா என்று பார்ப்பவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாய்!

"எது சிறந்தது என்று தெரிந்ததும் வாங்கிவிடுவேன்."

போன வருடமும் இதைத்தானே சொன்னாய்?

அலை ஓய்ந்த பிறகு கடலாடலாம் என்று கரையில் நின்றவன் என்றைக்காவது நனைந்தானா? அலை ஓயாது! புதுப்புது மாடல்கள் வந்துகொண்டேதான் இருக்கும்!

உண்மையைச் சொல்லட்டுமா? கூடாரத்தின் மேல் உனக்குச் சந்தேகமே இல்லை. உன் மேல்தான் சந்தேகம்.

தப்பாக வாங்கிவிட்டால்? காசு வீணாகிவிட்டால்? நடுராத்திரிக் காற்றில் கிழிந்துவிட்டால்? நாலு பேர் சிரித்துவிட்டால்?

இந்த நாலு "விட்டால்"கள்தான் உன் வண்டியை வாசலிலேயே கட்டிப்போட்டிருக்கின்றன. அட்டவணை ஒரு போர்வை. அதற்குள் பயம் சுகமாகத் தூங்குகிறது.

உதறு அந்தப் போர்வையை!

கோலை எடு, அள, இறங்கு!

கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று நான் சொல்லவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடு என்று சொல்லவில்லை.

ஆழம் பார்! கோலை எடு. அள. இறங்கு!

கோலைக் கையில் பிடித்தபடியே கரையில் தலை நரைக்க நிற்காதே. அவ்வளவுதான் நான் கேட்பது.

அளக்க வேண்டியவை மூன்று. உன் வண்டி. உன் இரவுகள். உன் பணப்பை.

இந்த மூன்றையும் உலகத்தின் எந்தக் கம்பெனியும் உனக்காக அளந்து தராது. விற்பனையாளர் அளக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அளக்க மாட்டார். நீதான் அளக்க வேண்டும்.

உன்னால் முடியாதா? கூட்டல் தெரியும் அல்லவா? அது போதும்!

அவர்கள் எதைக் கொண்டு தொடங்கினார்கள்?

தினைப்புனத்தில் பரண் கட்டிய இனம் நாம். பன்றியும் யானையும் இறங்கும் காட்டோரத்தில் இன்றைக்கும் நம் உழவர்கள் பரண்மேல் இரவைக் கழிக்கிறார்கள். தரையை விட்டு ஓர் ஆள் உயரம் எழுந்தால் மனிதனுக்குப் பார்வை விரிகிறது. நெஞ்சு நிமிர்கிறது.

கூரைக் கூடாரம் வேறென்ன? சக்கரம் முளைத்த பரண்!

அந்தப் பரணை உலகுக்கு விற்றவர்கள் எல்லாம் பிறக்கும்போதே பெரிய பிராண்டாகப் பிறந்தார்களா?

இத்தாலியின் ஆட்டோஹோம் 1958 இலேயே கார்க் கூரைக்குக் கூடாரம் செய்யத் தொடங்கியது. அப்போது எந்த அட்டவணை இருந்தது? எந்த ஒப்பீடு இருந்தது? யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள்?

சுவீடனின் தூலி 1942 இல் முதலில் விற்றது என்ன தெரியுமா? மீனவர்களுக்கான மீன்பொறி! மீன்பொறியில் தொடங்கியவர்களின் பெயர்தான் இன்று கார்க் கூரைகளில் ஊர் ஊராகச் சுற்றுகிறது.

ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி? மெல்போர்னில் ஒரு வீட்டு கராஜில் 1975 இல் பிறந்தது. ஆந்தனி ரொனால்ட் பிரவுன் என்ற தனி மனிதரின் பெயரின் முதலெழுத்துகள்தான் அந்த மூன்று எழுத்தும்!

கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் 2010 இல் டெபுய் தொடங்கியது. வெனிசுலாவின் தட்டை உச்சி மலைகளின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டது. எட்டே வருடம். 2018 இல் தூலியே வந்து அதை விலைக்கு வாங்கியது!

கொரியாவின் ஐகேம்பர் 2017 இல் தன் ஸ்கைகேம்ப் கூடாரத்தின் மாதிரியைக் காட்டி முன்பணம் கேட்டது. முன்பின் அறியாத மக்கள் 20 லட்சம் டாலருக்கு மேல் கொட்டிக் கொடுத்தார்கள்!

இவர்களையெல்லாம் விடு. கிழக்கு ஜெர்மனிக்கு வா.

அங்கே டிராபன்ட் என்று ஒரு கார். 26 குதிரைத்திறன். கூரை இரும்புத் தகடுகூட இல்லை. பருத்திக் கழிவையும் பிசினையும் அழுத்திச் செய்த பலகை! கார் வாங்கப் பெயர் எழுதிவிட்டு மக்கள் வருடக்கணக்கில் காத்திருந்த நாடு அது.

அந்தக் காரின் தலையில் 1970களில் கெர்ஹார்ட் முல்லர் என்ற ஒருவர் கூடாரம் ஏற்றினார். ஏணி வைத்தார். அதில் குடும்பங்கள் ஏறிப் படுத்தன!

உன் டிரக்குக்கு எத்தனை குதிரைத்திறன்? 200? 300?

26 குதிரை இழுத்ததை 300 குதிரை இழுக்காதா? குறை வண்டியிலா இருக்கிறது?

எண்ணுக்கு முன்னால் பயம் நிற்காது!

சரி, வேலைக்கு வருவோம். முதல் அளவு, உன் வண்டி.

"என் வண்டி தாங்குமா?" என்று புலம்பாதே. புலம்பலுக்குப் பதில் கிடையாது. எண்ணுக்குத்தான் பதில் உண்டு!

இரண்டு எடைகள் இருக்கின்றன. வண்டி ஓடும்போது கூரை தாங்கும் எடை ஒன்று. நிற்கும்போது தாங்கும் எடை மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் பயப்படுகிறார்கள்.

ஓடும்போது பிரேக் அடிக்கிறாய், வளைக்கிறாய், பள்ளத்தில் இறக்குகிறாய், காற்று முட்டுகிறது. அதனால் ஓடும் எடை வரம்பு சிறியது. நிற்கும் வண்டி அதைப் போலப் பல மடங்கு தாங்கும்.

பெரும்பாலான கூரைக் கூடாரங்கள் 45 முதல் 90 கிலோ வரை இருக்கும். உன் கூரை ஓடும்போது 75 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள். குறுக்குக் கம்பிகள் 7 கிலோ. கூடாரம் 60 கிலோ. உள்ளே மடித்து வைத்த போர்வை, தலையணை 5 கிலோ. மொத்தம் 72.

தேறியது!

அதே கூரையில் 75 கிலோ கூடாரம்? மொத்தம் 87. தேறவில்லை!

பார்த்தாயா? ஒரே ஒரு கூட்டல். உன் அட்டவணையில் பாதிப் பெயர்கள் உதிர்ந்துவிட்டன. மாதக்கணக்கில் உன் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி ஒரு நிமிடத்தில் செத்துப்போயிற்று!

"ராத்திரி நாங்கள் இரண்டு பேர் ஏறினால்?" இரண்டு பேரும் சேர்ந்து 140 கிலோ என்றால் மொத்தம் 212. அப்போது வண்டி நிற்கிறது. நிற்கும்போது எவ்வளவு தாங்கும் என்று வண்டியின் கையேட்டிலும் கம்பியின் கையேட்டிலும் பார். சரியாக இருந்தால் ஏறு!

ஒரு விதியை மட்டும் மறக்காதே. கூரைக்கு ஒரு வரம்பு, குறுக்குக் கம்பிக்கு ஒரு வரம்பு, கூடாரத்தைத் தாங்கும் சட்டத்துக்கு ஒரு வரம்பு. இவற்றில் எது குறைவோ அதுதான் உன் வரம்பு. கரடுமுரடான பாதைக்குத் தனியாக இன்னும் குறைந்த எண்ணைத் தரும் கம்பெனிகளும் உண்டு. மண்பாதைக்காரன் நீ என்றால் அந்த எண்ணை எடு.

பிக்கப் வைத்திருப்பவனுக்கு இன்னொரு வரமும் இருக்கிறது. தலைமேல்தான் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை! பின்பெட்டியின் மேல் சட்டம் அடித்து, கேபின் உயரத்துக்கே கூடாரத்தை வைக்கலாம். காற்றின் முட்டல் குறையும். பாரம் தாழ்வாக நிற்கும். வளைவில் வண்டி சாய்வது குறையும். எரிபொருளும் கொஞ்சம் மிஞ்சும்.

அப்படி வைத்தால் பெட்டியில் உயரமான சாமான் ஏறாது. ஏறாவிட்டால் என்ன? குறைத்துக்கொள்! ஐந்தடிப் பெட்டியா, ஆறடிப் பெட்டியா என்று டேப் வைத்து அள. கூடாரத்தோடு சேர்த்து உயரத்தையும் அள. அமெரிக்க வீடுகளின் கராஜ் கதவு பெரும்பாலும் 7 அடி. உள்ளே நுழையுமா, வெளியில்தான் நிற்குமா? வாங்கிய பின் அழாதே. இன்றே அள!

உன் இரவுகள் எப்படிப்பட்டவை?

இரண்டாவது அளவு. இங்கேதான் நிறையப் பேர் தோற்கிறார்கள்.

ஏன்? அடுத்தவன் இரவுக்குத் தங்கள் கூடாரத்தை வாங்குகிறார்கள்!

தினம் ஓர் இடம், விடிந்தால் அடுத்த ஊர் என்று ஓடுபவனா நீ? ஹார்ட்ஷெல் பார். அலுமினியத்திலோ ஃபைபரிலோ செய்த கெட்டி ஓடு. கொக்கியைத் தட்டினால் எழுந்து நிற்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மழையில் இறங்கி மல்லுக்கட்ட வேண்டாம். மடக்கினால் மெலிந்து கிடக்கும்.

அதற்கு விலை அதிகம். எடை அதிகம். பெரும்பாலும் இருவர்தான் படுக்கலாம். தெரிந்துகொண்டு வாங்கு!

ஒரே இடத்தில் மூன்று இரவு, கூடவே இரண்டு பிள்ளைகள் என்பவனா? சாஃப்ட்ஷெல் பார். புத்தகம்போல் விரியும். மூடியிருக்கும்போது உள்ள அகலத்தைப் போல இரண்டு மடங்கு படுக்கை கிடைக்கும். விலை குறைவு. நீட்டி நிற்கும் தளத்தின் கீழே துணி அறை கட்டி உடை மாற்றலாம், சமைக்கலாம்.

மடக்கி உறை போட நேரம் பிடிக்கும். குளிரில் விரல் விறைக்கும்போது அந்த உறையின் ஜிப் உன் பொறுமையைச் சோதிக்கும். சோதிக்கட்டுமே! பிள்ளைகள் இருவரும் உன் இரு பக்கமும் தூங்கும் இரவுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய விலையா?

கெட்டி ஓடும் வேண்டும், அகலமும் வேண்டும் என்பவனா? ஓட்டோடு சேர்ந்தே விரியும் வகை இருக்கிறது. ஐகேம்பரின் ஸ்கைகேம்ப் அந்த வழியில் வந்ததுதான். கைப்பிடியைச் சுற்றினால் நேராக மேலே எழும் பெட்டி வேண்டுமா? ஆட்டோஹோமின் மஜ்ஜோலினா. பிக்கப்புக்கென்றே பெட்டி மூடியும் கூடாரமும் ஒன்றாக வேண்டுமா? மொன்டானாவின் கோஃபாஸ்ட் கேம்பர்ஸ். ஆப்பிரிக்கப் புழுதியில் அடிபட்டுத் தேறிய கான்வாஸ் வேண்டுமா? தென்னாப்பிரிக்காவின் ஈஸி-ஆன்.

ஒவ்வொன்றும் ஒருவனுக்குச் சிறந்தது. எல்லோருக்கும் சிறந்தது என்று ஒன்று இல்லவே இல்லை!

இல்லாத ஒன்றைத் தேடித்தான் உன் இரண்டு கோடைகளைத் தொலைத்தாய்!

இன்னொரு கேள்வியைத் தைரியமாகக் கேள். கூடாரம் விரிந்திருக்கும்போது உன் வண்டி நகராது. பால் வாங்கப் போக வேண்டுமானாலும் மடக்கித்தான் போக வேண்டும். நடுராத்திரி இயற்கை அழைத்தால் ஏணியில்தான் இறங்க வேண்டும். முழங்கால் வலிக்கும் அம்மா கூட வருகிறாரா? ஏணி ஏற முடியாத நாய் கூட வருகிறதா?

கூரைக் கூடாரம் உனக்கு ஒத்துவராது என்று கணக்கு சொன்னால் அதுவும் ஒரு முடிவுதான்! வெட்கப்படாதே. தரையில் கூடாரம் போடு.

ஆனால் கிளம்பு! தீர்மானித்துக் கிளம்பு!

பெயரைப் பார்த்து மயங்காதே, துணியைத் தொடு!

கடைக்குப் போ. எழுத்தைப் பார்க்காதே. துணியைத் தொடு.

பாலிகாட்டனா? மூச்சு விடும். வெயிலில் உள்ளே புழுக்கம் குறையும். கனம் அதிகம். காய நேரமாகும். புதிதாக வாங்கியதும் ஒரு முறை நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். நூல் உப்பித் தையல் துளைகள் அடைபடும். பாலியெஸ்டரா? லேசு. சீக்கிரம் காயும். உள்ளே அதிகம் வியர்க்கும்.

ஜிப்பை இழுத்துப் பார். பத்து முறை இழு. ஏணியில் ஏறிப் பார். மெத்தையில் புரண்டு படு. இடுப்பெலும்பு தளத்தைத் தொடுகிறதா? மெத்தைக்கடியில் காற்றோட்ட வலை இருக்கிறதா? இல்லையென்றால் உன் மூச்சின் ஈரமே இரவில் மெத்தையை அடியிலிருந்து நனைக்கும்.

பிறகு கேள். உதிரிக் கம்பு எங்கே கிடைக்கும்? கிழிந்தால் துணி மட்டும் தனியாகக் கிடைக்குமா? உத்தரவாதம் எத்தனை வருடம்? ஏதாவது உடைந்தால் போன் எடுப்பவர் யார்?

பதில் சொல்லத் தடுமாறும் கடையில் பெரிய பெயர் இருந்தாலும் வெளியே வா. நேராகப் பதில் சொல்லும் கடையில் சின்னப் பெயர் இருந்தாலும் உட்கார்ந்து பேசு.

கூச்சமா? உன் காசு! உன் இரவு! கேட்க என்ன கூச்சம்?

"காசு இல்லை" என்கிறாயா?

மூன்றாவது அளவு, பணப்பை. உன் கடைசிச் சாக்கும் அதுதான்.

கூரைக் கூடாரம் ஆயிரம் டாலருக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. ஐயாயிரத்தையும் தாண்டுகிறது. ஸ்மிட்டிபில்ட் போன்ற பெயர்கள் விலை குறைந்த பக்கத்தில் நிற்கின்றன. விரலுக்கேற்ற வீக்கம் போதும்! கடன் வாங்கி உச்சத்தில் இருப்பதை வாங்கச் சொல்லி உன்னை யார் அடித்தார்கள்?

பழையது வாங்கு! ஆசையாக வாங்கி, நாலு இரவு படுத்து, பயந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைவிட்ட ஏணியில் நீ ஏறு!

அதற்கும் முடியவில்லையா? ஒரே ஓர் இரவுக்கு வாடகைக்கு எடு. கூடாரத்தோடு வண்டியையே வாடகைக்குத் தருபவர்கள் அமெரிக்காவில் உண்டு. ஆஸ்திரேலியாவில் உண்டு. நமீபியாவில் டொயோட்டா ஹைலக்ஸின் தலையில் கூடாரத்தைக் கட்டியே சாவியைக் கையில் தருகிறார்கள்.

ஒரு வருட ஒப்பீடு சொல்லாததை ஒரே ஓர் இரவு சொல்லிவிடும்!

நிலத்துக்கு வாடகையா? அமெரிக்காவின் பி.எல்.எம். என்ற அரசு அமைப்பின் கையில் மட்டும் 24.5 கோடி ஏக்கர் பொதுநிலம் இருக்கிறது. அதில் பெரும்பாலான இடங்களில் 28 நாளைக்குள் 14 நாள் வரை காசில்லாமல் கூடாரம் போடலாம்.

நிலம் விரிந்து கிடக்கிறது. வானம் விரிந்து கிடக்கிறது. சுருங்கிக் கிடப்பது யார்?

கரடி வருமே?

வரும்! வராது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பயத்தை இரண்டாகப் பிரி. பாதி அறிவு. பாதி பூச்சாண்டி. அறிவை வைத்துக்கொள். பூச்சாண்டியை விரட்டு.

அறிவு என்ன சொல்கிறது? ஓடு எவ்வளவு கெட்டியானாலும் சுவர் துணிதான். கரடியின் நகத்துக்குத் துணி ஒரு பொருட்டல்ல. அதனால்தான் யெல்லோஸ்டோன் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் துணிக் கூடாரத்துக்கு அனுமதி இல்லை. அதனால்தான் யோசெமிட்டி பூங்காவில் இரவில் காருக்குள்கூட உணவை வைக்கக் கூடாது. இரும்புப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

விதியைப் படி. உணவைத் தள்ளி வை. பற்பசையைக்கூட மேலே கொண்டுபோகாதே. எவ்வளவு குளிரானாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டாதே. அந்தப் புகையில் மணம் இல்லாத விஷம் இருக்கிறது. சன்னலைக் கொஞ்சம் திறந்தே வை.

இவ்வளவும் செய்த பிறகும் நெஞ்சு படபடக்கிறதா? படபடக்கட்டும்! அதோடு படு. முதல் இரவு எல்லோருக்கும் அப்படித்தான். இலை விழுந்தால் புலி. கிளை ஆடினால் பேய். இரண்டாவது இரவு இலை வெறும் இலையாகிவிடும்.

பயம் போன பிறகு போகலாம் என்கிறாயா? கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் என்ற கதைதான்! போனால்தான் பயம் போகும்!

நான் தோற்ற இரவு

எனக்கு மட்டும் எல்லாம் தெரிந்தா போனேன்?

உட்டாவில், மோவாப் ஊருக்கு வெளியே, சிவந்த பாறைகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தினேன். காற்று எந்தத் திசை என்று பார்க்கவில்லை. கூடாரத்தின் அகலமான பக்கத்தைக் காற்றுக்கு முகமாகக் காட்டிவிட்டேன்.

நள்ளிரவு தாண்டிக் காற்று எழுந்தது. துணி அறைந்த அறை இன்னும் காதில் இருக்கிறது. வண்டியே ஆடியது. ஏணியில் இறங்கிக் கேபினுக்குள் உட்கார்ந்து விடியும்வரை விழித்திருந்தேன். பிறகு மழை.

ஈரத்தோடு மடித்தேன். ஞாயிறு இரவு வீடு. திங்கள் வேலை. "நாளைக்குக் காயவைக்கலாம்" என்றேன். அந்த நாளை வர ஒன்பது நாள் ஆயிற்று.

திறந்தேன். துணியெங்கும் கரும்பூசணம். மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம்.

விற்றுவிடு என்றது மனம். இது உனக்கான வேலை இல்லை என்றது.

கேட்டிருந்தால்? இன்றைக்கு உனக்கு எழுத என்ன தகுதி எனக்கு இருந்திருக்கும்?

வாளியில் தண்ணீர் எடுத்தேன். சோப்பும் தூரிகையும் எடுத்தேன். தேய்த்தேன். மூன்று நாள் வெயிலில் விரித்துப்போட்டேன். மூன்றாவது வாரம் மறுபடி கிளம்பினேன்!

அந்தக் கறை இன்னும் இருக்கிறது. முழுவதும் போகவில்லை. அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ இரவு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

அந்த ஒரு தோல்வி எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது தெரியுமா? கீல் இருக்கும் தாழ்ந்த பக்கத்தைக் காற்றுக்குக் காட்டு. சமதளத்தில் நிறுத்து, தலைப்பக்கம் ஒரு நூல் உயரமாக இருக்கட்டும். முதல் 100 கிலோமீட்டருக்குள் இறங்கி எல்லாப் போல்ட்டையும் முறுக்கிப் பார். ஈரமாக மடித்தால் வீடு வந்த அன்றே விரி. நாளைக்கு என்றால் பூசணம்!

எந்தப் பிராண்டின் கையேடும் இவ்வளவு ஆழமாக என் மனத்தில் எழுதியதில்லை. தோல்வி எழுதியது!

நீயும் தோற்பாய். ஏணியைச் சரியாகப் பூட்டாமல் ஒருநாள் முழங்கால் சிராய்ப்பாய். தப்பான போர்வை எடுத்துப்போய் ஓர் இரவு நடுங்குவாய். ஒருவேளை தப்பான கூடாரத்தையே வாங்குவாய்.

வாங்கினால்? விற்றுவிட்டு வேறொன்று வாங்கு! கொஞ்சம் காசு போகும். அது கற்ற பாடத்துக்குக் கட்டணம். கிளம்பாமல் போன கோடைகளை எந்தச் சந்தையில் திரும்ப வாங்குவாய்?

கூடாரத்தின் கறையைத் தேய்க்கலாம். தயங்கித் தயங்கி மனத்தில் பிடித்த பூசணத்தை எந்த சோப்பு போக்கும்?

இன்று இரவே!

நாளை வேண்டாம். நாளையின் கதையை இப்போதுதான் சொன்னேன்.

இன்று இரவு. இந்தக் கட்டுரையை மூடிய உடனே.

வாசலுக்குப் போ. டார்ச்சை எடு. டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திற. கதவோரத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும்.

இத்தனை வருடம் அந்தக் கதவைத் திறந்திருக்கிறாய். ஒருநாளாவது அதைப் பார்த்தாயா?

பார்! தாளில் எழுது. அதன் கீழே கூரை வரம்பு. அதன் கீழே கம்பி வரம்பு. அதன் கீழே உன் வீட்டார் எடை. அதன் கீழே உன் வசதிக்கு எட்டும் தொகை. கடைசியாக ஒரு தேதி. நீ கிளம்பும் தேதி!

ஆறு வரி. பழைய அட்டவணையைக் கிழி. இந்த ஆறு வரிக்கும் பொருந்தும் கூடாரம் எதுவோ அதுதான் உன் கூடாரம். அதன் மேல் எந்தப் பெயர் எழுதியிருந்தால் என்ன?

ஏணி என்பது என்ன? படிகள்தானே? பரணுக்கும் படி. மலைக்கும் படி. கடைசிப் படியைப் பார்த்துக் கண் கூசி நிற்பவன் தரையிலேயே நிற்கிறான். முதல் படியில் கால் வைத்தவனுக்கு இரண்டாவது படி தானே கிட்டத்தில் வந்துவிடுகிறது.

உன் முதல் படி அந்தக் கதவோரத்தில் ஒட்டியிருக்கிறது.

போ. கதவைத் திற. படி!

பிறகு ஏறு!